வெள்ளாட்டுப் பத்தி

பாஸானால் கிடைக்காது என்று சொல்லிவிட்டு வரவேற்பு மேசைப் பெண் டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள், அம்பாசமுத்திரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொன்னவளைப் போல. ஆவுடையப்பன் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்க நினைத்தார். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். பாஸானால் கிடைக்காதாம். உலகத்தில் எங்கேயாவது உண்டா இந்த நியாயம்? சர்ட்டிஃபிகேட் என்றால் தேறினவனுக்குக் கொடுப்பது. டைப்ரைட்டிங் லோயர் தேறினால் சர்ட்டிஃபிகேட். யோகா வகுப்பில் பத்து நாள் மூச்சு விட்டால் சர்ட்டிஃபிகேட். ரத்தம் கொடுத்தால்கூட ஒரு சர்ட்டிஃபிகேட், கூடவே ஒரு ஜூஸ் பாக்கெட். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இருபத்துநாலு வருஷம், அதில் பதினோரு வருஷம் மறுகூட்டல் மேசை. இவன் முறையாகத் தோற்றான், இதனால் சகலரும் அறிக என்று முத்திரை குத்தி ஒருத்தனுக்காவது அனுப்பினதாக ஒரு ஃபைல் அவர் கண்ணில் பட்டதில்லை. அதனால்தானே கேட்டார், ‘பாஸ் மார்க் எத்தனைம்மா’ என்று, சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி, ஒரு தோரணையோடு. மேசைப் பெண் சிரித்துவிட்டாள். ‘இதுல பாஸ் மார்க்குலாம் கெடயாது சார். அறிவு வயசுக்குத் தக்கன இருக்கணும், வாசிப்பு மட்டும் பின்னாடி நிக்கணும். அப்பத்தான் கற்றல் குறைபாடுன்னு மேடம் எழுதித் தருவாங்க, பத்தாவது பரீட்சைல கூடுதல் நேரம் கெடைக்கும். பிள்ள கடகடன்னு வாசிச்சிட்டா எதச் சொல்லி சார் எழுதித் தர?’ கடகடன்னு. அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தாள்? கடகடவென்று வாசிக்க வைக்கத்தானே பதினாலு நாள், ஆபீஸ் விட்டு வந்து காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்தார். மகள் கோமதி உள்ளே போனது பத்து மணிக்கு. இப்போது பத்து இருபது. கதவில் ஒரு போர்டு தொங்கியது: சோதனை நடக்கிறது, தட்டாதீர்கள்.

கோமதிக்கு எழுத்து நிற்காது. பத்தாம் வகுப்பு வந்தாயிற்று, ‘பழம்’ என்று எழுதச் சொன்னால் ‘ப’ போட்டுவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு மேலே பார்ப்பாள், மிச்சம் உத்தரத்தில் எழுதியிருக்கிற மாதிரி. எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுப்பா என்பாள். காது மட்டும் அப்படி ஒரு காது. அவர் மனைவி உலகம்மாள் கோயிலுக்குப் போய்ச் சீரியலைத் தவறவிட்ட நாட்களில் கோமதிதான் சொல்லுவாள், மாமியார் குரலில் மாமியார், வக்கீல் குரலில் வக்கீல், நடுவில் வருகிற சோப்பு விளம்பரம் உட்பட. ஆனால் காலாண்டுப் பரீட்சையில் கணக்குத் தாளில் நாலு பக்கம் வெள்ளையாக விட்டுவிட்டு வந்தாள். நேரம் போயிருச்சுப்பா என்றாள். டீச்சர்தான் சொன்னார்கள், பாளையங்கோட்டையில் ஜெபராணி மேடத்திடம் கூட்டிப் போங்கள், சோதித்துப் பார்த்து எழுதித் தருவார்கள், கூடுதல் நேரம் இருந்தால் பிள்ளை கரையேறிவிடும் என்று. கரையேற வேண்டும், அது ஒன்றுதான் ஆவுடையப்பனுக்கு. அவர் தினமும் பார்க்கிற பட்டியலில் தவறினவர்கள் எல்லாம் வெறும் பதிவெண்கள். தன் பிள்ளை ஒரு பதிவெண்ணாகி அப்படி ஒரு பட்டியலில் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கிற முத்துவேல்தான் தைரியம் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் தன் மகனை இதே இடத்துக்குக் கூட்டி வந்தவர். சோதனை முடிந்து மேடம் போன் பேச எழுந்து போன சமயம் மேசையில் கிடந்த தாள்களைச் செல்போனில் மூன்று படம் எடுத்துவிட்டார், அதை ஆவுடையப்பனுக்கும் அனுப்பினார். தேர்வுப் பிரிவு ஆள், கை சும்மா இருக்குமா? ஒன்றும் தயார் செய்யாமல் போன முத்துவேல் மகனுக்கே சர்ட்டிஃபிகேட் கிடைத்தது என்றால், தயார் செய்துகொண்டு போகிற கோமதிக்கு எப்படிக் கிடைக்காமல் போகும் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டார் ஆவுடையப்பன். இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் தயார் செய்யாமல் போனான், அதனால் கிடைத்தது. மறுகூட்டல் என்றால் இதுதான் மறுகூட்டல்.

முதல் படத்தில்தான் அந்த வெள்ளாடு இருந்தது. மாரியின் வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது, அது தினமும் காலையில் குளத்தங்கரைக்குப் போகும், ஒரு நாள் பெருமழை பெய்தது என்று ஏழு வரி. எழுத்து நிற்காத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டி என்ன பிரயோசனம்? அவர் வாசிப்பார், அவள் திருப்பிச் சொல்லுவாள். மூன்றாம் நாளே ஏழு வரியும் வாயில் ஏறிவிட்டது. மிச்சம் பதினோரு நாளும் பாவனைக்கு. விரலை வரிக்கு வரி நகர்த்த வேண்டும், ஐந்தாவது வரியில் லேசாகத் தயங்க வேண்டும், ‘குளத்தங்கரைக்கு’ வருகிற இடத்தில் கண்ணைக் கொஞ்சம் இடுக்க வேண்டும். நாடகக் கம்பெனிக்காரன்கூட இந்த அளவு ஒத்திகை பார்த்திருக்க மாட்டான். அதிலும் எவ்வளவு பொறுமை. ஒரு தடவையாவது கை நீட்டியிருப்பாரா? கிடையாது. தகப்பன் என்றால் இப்படி இருக்கணும் என்று தனக்குத் தானே நினைத்துக்கொண்டு, எழுந்து போய்க் காப்பி கேட்டால் உலகம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அவள் அன்றைக்கு ஒன்று சொன்னாள். ‘ஏங்க, ஒடம்பு சரியில்லன்னு சீட்டு வாங்கப் போறவன் தண்டால் எடுத்துட்டா போவான்?’ ஒனக்கென்ன தெரியும், நீ சட்னிய அரை என்று சொல்லிவிட்டார். தண்டால். எட்டாவது வரை படித்தவள். இந்தத் தண்டாலை இருபத்துநாலு வருஷச் சர்வீஸில் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தார். யோசிக்க யோசிக்கத் தண்டால்தான் வந்தது, முத்துவேல் தண்டால் எடுத்தார், மேடம் தண்டால் எடுத்தார், வெள்ளாடு எடுத்தது. அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. உலகம்மாள்தான். ‘உள்ள போயாச்சா?’ போயாச்சு. ‘பிள்ள பயந்தாளா?’ அதெல்லாம் இல்ல. ‘ஒங்க கொரலு ஏன் இப்படிக் கெடக்கு?’ ஃபேன் காத்து என்றார். ‘என்ன, நான் சொன்னதுதானா?’ என்றாள் அவள். ஆவுடையப்பன் டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

எதிர்ச் சுவரில் ஒரு பலகை. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அறிவுத்திறன், நினைவுத்திறன், கற்றல் திறன் சோதனைகள் செய்யப்படும். பெரியவர்களுக்குமா? பெரியவன் எவன் காசு கொடுத்து வந்து தான் மக்கு என்று எழுதி வாங்கிப் போவான்? பக்கத்து டீப்பாயில் பிள்ளைகளுக்கு வைத்திருந்த மரக்கட்டை யானை ஆறு துண்டாகக் கிடந்தது. கை சும்மா இருக்க மாட்டாமல் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். தும்பிக்கை வாலுக்குப் போயிற்று. திருப்பி வைத்தார். யானைக்கு ஐந்து கால் வந்தது. மேசைப் பெண் இந்தப் பக்கம் பார்க்கிறாளோ என்று மெதுவாகக் கலைத்துவிட்டார். அவரைச் சோதித்தால் என்ன வரும்? கணக்குத் துறைத் தேர்வை மூன்றாவது தடவையில்தான் தேறினார். அதுவும் விதிகளை ஒரு எழுத்து புரியாமல் அப்படியே நெட்டுருப் போட்டு. இன்றைக்கும் தூக்கத்தில் தட்டிக் கேட்டால் முன்பண விதி முழுசும் சொல்லுவார், முன்பணம் வாங்கத்தான் தெரியாது. நெட்டுருப் போடாமல் உருப்பட்டவன் யார்? அதைத்தானே பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தார். நாற்காலிக்கும் பாய்க்கும் என்ன ஒற்றுமை என்று ஒரு கேள்வி முத்துவேலின் இரண்டாவது படத்தில். ரெண்டும் வந்தவங்களுக்குப் போடுறது, யாருக்கு எதுன்னு தெரிஞ்சு போடணும் என்றாள் உலகம்மாள். ரெண்டுலயும் அப்பா தூங்குவாங்க என்றாள் கோமதி. இரண்டும் தாவரத்திலிருந்து கிடைப்பவை என்று ஆவுடையப்பன் விடைக்குறிப்பு எழுதி, கீழே தேதி போட்டுச் சுருக்கொப்பமும் வைத்தார். இப்போது தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக்.

அதுகூடப் பரவாயில்லை. கட்டைவிரல் நினைவுக்கு வந்ததும்தான் அவருக்கு நிஜமாகவே வேர்த்தது. வெள்ளாட்டுப் படத்தில் கடைசி இரண்டு வரியின் மேல் முத்துவேலின் கட்டைவிரல் விழுந்திருந்தது. பெரிய விரல், ஸ்டாம்ப் பேட் மையோடு. ஆடு குடிசை ஓரத்தில் நிற்கிறது, மாரி தேடி ஓடி வருகிறாள், அதற்கு மேல் விரல்தான். பாதியில் விட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்குமே என்று அந்த இரண்டு வரியையும் ஆவுடையப்பனே எழுதினார். ஆட்டைக் கண்டதும் மாரி மகிழ்ந்தாள். ஆகவே நாம் மழைக்காலத்தில் குடை எடுத்துச் செல்ல வேண்டும். எழுதிவிட்டு அன்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டார், நல்லாத்தான் இருந்தது. இப்போது உள்ளே கோமதி, தாளில் இல்லாத குடையை விரலால் காட்டிக் காட்டி வாசித்துக்கொண்டிருப்பாள். பறக்கும் படையில் போனவர் அவர். ஒரு தடவை ஒரு பையனின் பெல்ட்டுக்குள்ளிருந்து பொருளாதாரம் மூன்றாம் அலகு முழுவதையும் உருவி எடுத்தவர். அந்தப் பையன் காலில் விழுந்து அழுதபோது, இதை ஆபீஸ்ல போய் எழுதிக் கொடு என்று சொன்னவர். இன்றைக்கு அவர் பிட்டைப் பெல்ட்டில் வைக்கவில்லை. பெற்ற பிள்ளையின் வாயில் வைத்து அனுப்பியிருக்கிறார். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

சொல்லிவிடலாம். எழுந்து போய்த் தட்டி, மேடம் இது இப்படி என்று சொல்லிவிடலாம். எழுந்தார். ‘ஏம்மா, நடுவுல ஏதாச்சும் கோளாறு ஆச்சுன்னா மறுபடி வச்சிக்கிடலாமா?’ என்று மேசைப் பெண்ணிடம் கேட்டு வைத்தார், வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி. ‘ஒரு வருஷம் ஆகணும் சார். இல்லன்னா பிள்ளைகளுக்குக் கேள்வி ஞாபகம் இருக்கும்லா.’ உட்கார்ந்தார். ஒரு வருஷம் என்றால் பத்தாவது பரீட்சையே முடிந்து போகும். சொன்னால் சோதனை ரத்து, சீட்டு இல்லை, கூடுதல் நேரம் இல்லை. சொல்லாவிட்டால் பிள்ளை கடகடவென்று வாசித்துவிடுவாள், சீட்டு இல்லை, கூடுதல் நேரம் இல்லை. இந்தப் பக்கம் போனாலும் வெள்ளைத்தாள், அந்தப் பக்கம் போனாலும் வெள்ளைத்தாள். மறந்திருப்பாளோ? சாமி, மறந்திருக்கணும். நெல்லையப்பருக்கு நூற்றியெட்டுத் தேங்காய். ஒன்பது வருஷமாக, முதல் வகுப்பிலிருந்து, மறந்துபோச்சுப்பா என்று எத்தனை சாயங்காலம் வந்து நின்றிருப்பாள். இன்றைக்கு ஒரு நாள் வந்து அப்படி நிற்கட்டும், வாரி எடுத்துக்கொள்வார். ஆனால் மறக்க மாட்டாள். எப்படி மறப்பாள், அவர் சொல்லிக் கொடுத்ததாயிற்றே. எழுந்து கதவருகே போய், போர்டைப் படிக்கிறவர் போலத் தலையைச் சாய்த்தார். உள்ளே கோமதியின் குரல், தாழ்ந்து, ஒரே சீராக. என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை, சீர் மட்டும் பிடிபட்டது. நிற்காமல் போகிறது. கடகடவென்று. கை நாலு தடவை உயர்ந்து நாலு தடவையும் இறங்கிவிட்டது, இருபத்துநாலு வருஷமாகத் தேர்வு நடக்கிற இடத்தில் சத்தம் போடாதவருடைய கை. யானைப்படம் போட்ட கடிகாரத்தில் பதினொன்றரை ஆகியிருந்தது. மேசைப் பெண், ‘சார், அங்க நிக்காதிய’ என்றாள். அவள் குரல் கேட்ட திடுக்கிடலில் கை தானாகத் தட்டிவிட்டது.

ஜெபராணி மேடம் கதவைப் பாதி திறந்து வெளியே வந்து, பின்னால் சாத்திக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்கியது, கையில் ஒரு அட்டையும் தாள்களும்.

“மேடம், அந்த வெள்ளாடு நான் சொல்லிக் கொடுத்தது” என்றார் ஆவுடையப்பன். பதினாலு நாள், முத்துவேல், மூன்று படம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். “பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. நான் தேர்வுப் பிரிவுல வேல பாக்கேன். என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. சோதனைய மட்டும் ரத்து பண்ணிராதிய.”

“தெரியும் சார்.”

“குடையா மேடம்? குடை வந்துருச்சா?”

“குடை கடைசிலதான வந்துச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரிஞ்சிருச்சு” என்றார் மேடம். அவர் குரலில் கோபம் இல்லை. “அந்தப் பத்திய ஒதுக்கிட்டேன். எங்ககிட்ட ஒரே ஒரு தாளா சார் இருக்கும்? வேற கொடுத்தேன், மூணாவது வரியத் தாண்ட முடியல அவளால. ரெண்டாங்கிளாஸ் பிள்ள வாசிக்கிற பத்தி. ஆனா படம் அடுக்குறது, காதால கேட்டுப் பதில் சொல்றது எல்லாத்துலயும் வயசுக்கு மேலயே நிக்கிறா. நாற்காலியும் பாயும்னு ஒரு கேள்வி, அதுக்கு மட்டும் ஏதோ தாவரம்னா. அதையும் கழிச்சிட்டேன். சந்தேகமே இல்ல, கற்றல் குறைபாடுதான். எழுதித் தாரேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க.”

கிடைத்துவிட்டது. கூடுதல் நேரம் கிடைத்துவிட்டது. தேங்காய்க்குச் சொல்ல வேண்டும், உலகம்மாளுக்கு டவர் வந்துவிட்டது என்று போன் போட வேண்டும், முத்துவேலுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார்.

“ஒரு நிமிஷம்” என்ற மேடம் அட்டையிலிருந்து ஒரு தாளை உருவினார். “பிள்ளைங்க சொல்றத ஒரு சொல் விடாம அப்படியே எழுதணும், அது எங்க வேலை. அந்த வெள்ளாட்ட அவ சொன்னப்போ எழுதினது இது. பாத்துட்டுத் தாங்க.”

நீல மையில், வேகமாக எழுதிய எழுத்து. மாரியின் வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது எங்கட்டி பாக்க இங்க பாரு அது தினமும் காலையில் குளத்தங்கரைக்குப் போகும் மூச்ச விட்டுத் தொலை சவமே ஒரு நாள் பெருமழை பெய்தது இதுகூடத் தெரியலன்னா எதுக்குட்டி சோறு திங்க ஆடு நடுங்கியபடி ஒரு குடிசையின் ஓரத்தில் நின்றது என் தலையெழுத்து எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாரு மாரி அதைத் தேடி ஓடி வந்தாள் அழாத அழாம சொல்லு மூதி ஆட்டைக் கண்டதும் மாரி மகிழ்ந்தாள் ஆகவே நாம் மழைக்காலத்தில் குடை எடுத்துச் செல்ல வேண்டும் போ என் மூஞ்சில முழிக்காத போ.

இரண்டாவது தடவையும் வாசித்தார். ஒரு சொல்கூட மிகையாக இல்லை. எல்லாம் அவருடையதுதான், அந்த வரிசையில்தான் சொல்லியிருக்கிறார், பதினாலு நாளும்.

“இதெல்லாமும் தாள்ல இருக்காம்மான்னு கேட்டேன்” என்றார் மேடம். “‘இல்ல மேடம், ஆனா அத விட்டுட்டா அடுத்த வரி வராது’ன்னு சொன்னா.”

மேடம் தாளை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார். கோமதி வெளியே வந்தாள், சடை ஒரு பக்கம் அவிழ்ந்து, தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். முதலில் வந்தது ‘எங்கட்டி பாக்க’. மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார், அடுத்தது வந்தது, அதுவும் அந்தத் தாளில் இருந்தது. பிள்ளையிடம் பேசுவதற்கு அவருக்கு வேறு சொற்கள் இருந்தாக வேண்டும், தேடினார், அகப்படவில்லை. மேசைப் பெண்ணின் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது.

“பசிக்காம்மா?” என்றார் கடைசியில்.

கோமதி அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பி மேடத்தின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“என்னன்னு சொல்லணும்ப்பா?”